விவசாயிகளை வாட்டும் இடுப்பு வலி

நடவு, களை எடுப்பு, கடலை பிடுங்குதல், கதிர் அறுப்பு, கரும்பு வெட்டு என்று விவசாய வேலைகளில் பெரும்பாலானவை குனிந்து செய்ய வேண்டியவை. மூட்டை தூக்குதல், வரப்பு வெட்டுதல், தெளிப்பான் சுமத்தல் ஆகியவையும் இடுப்புக்கே பாரம். எனவே நாற்பது வயதைத் தாண்டிய விவசாயிகளில் பலர் இடுப்பைப் பிடித்துக் கொண்டே எழுந்திருப்பதைக் கிராமங்களில் காணலாம்.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இடுப்பு வலி உடல் உபாதை மட்டும் அல்ல. அவர் படுத்து விட்டால் அந்தப் போகத்துக்கு வேலையாள் கூலி கூடும். கூலிக்குக் கையில் பணம் இல்லாவிட்டால் களை முந்தி விடும். ஸ்கேன், ஊசி, ஆபரேஷன் என்று அலைந்து கறவை மாட்டை விற்றவர்களும் உண்டு. இப்படிச் செலவு செய்தும் வலி தீராமல் போவதற்கு முக்கிய காரணம், வலியின் தன்மையைச் சரியாகத் தெரிந்து கொள்ளாததே.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மக்களை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் இதுவே முதலிடத்தில் உள்ளது.

இடுப்பின் அமைப்பு

முதுகெலும்பின் அடிப்பகுதியில் 5 பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கிறது. கிராமங்களில் 'ஜவ்வு' என்று சொல்வது இதைத்தான். டாக்டர்கள் 'டிஸ்க்' என்பார்கள். எலும்புகளைச் சுற்றித் தசைகளும் நார்களும் பிணைந்துள்ளன. நடுவில் உள்ள துளை வழியாக நரம்புகள் கால்களுக்குச் செல்கின்றன.

இடுப்பு வலி உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, 'இன்ன எலும்பு, இன்ன நரம்பு' என்று குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய நோய் எதுவும் இருப்பதில்லை. தசைகள், நார்கள், மூட்டுகள், தட்டுகள் ஆகியவற்றின் களைப்பும் உறுத்தலும் சேர்ந்து வலியாகத் தெரிகின்றன. இத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்து விடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி எனப்படும்.

குனிந்தால் என்ன ஆகிறது?

ஜெர்மனியில் 1999-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரின் இடுப்புத் தட்டுக்குள் சிறிய அழுத்தமானியை வைத்து, அவர் பல வேலைகளைச் செய்யும்போது அழுத்தத்தை அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது இருந்த அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக் கொண்டால், வெறுங்கையுடன் முன்னால் குனியும்போது அது இரண்டு பங்குக்கு மேல் ஆயிற்று. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது நாலரைப் பங்கு ஆயிற்று. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூன்றரைப் பங்குக்குள் அடங்கியது.

இன்னொரு விவரம் விவசாயிகள் கவனிக்கத் தக்கது. 20 கிலோ எடையை நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது அழுத்தம் மூன்றரைப் பங்குக்கு மேல் இருந்தது. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு பங்கு சொச்சம்தான். அதாவது, உடம்போடு அணைத்த 20 கிலோவும் வெறுமனே குனிந்து நிற்பதும் ஏறக்குறைய ஒரே பாரம்தான். சுமை எத்தனை கிலோ என்பது மட்டும் அல்ல, அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. தட்டுகள் இந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் உடையவை. ஓய்வே இல்லாமல் மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பதும், பழக்கம் இல்லாத பாரத்தைத் திடீரென்று ஏற்றுவதும்தான் தொல்லை தருகின்றன.

நடவை எடுத்துக் கொள்வோம். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்துகள். ஓர் ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் குத்துகள். 15 பெண்கள் ஒரே நாளில் நட்டு முடித்தால் ஒருவர் பங்குக்கு 13 ஆயிரம் குத்துகளுக்கு மேல் வருகிறது. நாள் முழுவதும் நிமிராத இந்த வேலைக்குப் பிறகு வீட்டில் தண்ணீர்க் குடமும் அடுப்படியும் காத்திருக்கின்றன. பெண்களிடம் இந்த வலி அதிகம் காணப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

வலி நீடிப்பது ஏன்?

முதலில் பட்ட அடியோ சுளுக்கோ ஆறிய பின்னும் சிலருக்கு வலி நிற்பதில்லை. திருடன் போய் வெகு நேரமான பின்னும், இலை அசைந்தால் கூடக் குரைக்கும் நாயைப் போல, நரம்பு மண்டலம் சிறு அசைவுக்கும் வலியை எழுப்பப் பழகி விடுகிறது. இந்த வலி கற்பனை அல்ல. உண்மையான வலிதான். ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிந்து கொண்டிருக்கிறது என்று நினைப்பது தவறு.

தூக்கமின்மை, கடன் கவலை, பீடி, சிகரெட் பழக்கம், 'இனி நம்மால் முடியாது' என்ற பயம் ஆகியவையும் வலியை வளர்க்கின்றன. பயந்து அசையாமல் இருந்தால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் நோகிறது. நோவதால் பயம் கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சையின் நோக்கம்.

ஸ்கேனில் 'தேய்மானம்' என்றால்?

'ஜவ்வு தேய்ந்து விட்டது', 'டிஸ்க் பிதுங்கி விட்டது' என்ற சொற்களைக் கேட்டதும் மண்வெட்டியைத் தொடுவதையே நிறுத்தி விடுபவர்கள் உண்டு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதன்படி வலி இல்லாத 20 வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. 50 வயதினரில் 80 பேருக்கு இருந்தது. 50 வயதினரில் 60 பேருக்குத் தட்டுப் பிதுக்கமும் காணப்பட்டது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை.

தலைமயிர் நரைப்பதைப் போலத் தட்டுகளும் வயதோடு மாறுகின்றன. எனவே கீழே கூறப்படும் அபாய அறிகுறிகள் இல்லாதவர்கள் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை. தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் வலி கூட, பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே குறைகிறது. பிதுங்கிய பகுதி நாளடைவில் சுருங்குவதும் உண்டு.

படுத்தே இருக்கலாமா?

முன்பெல்லாம் இடுப்பு வலி என்றால் பலகையில் படுத்து ஓய்வெடுக்கும்படி டாக்டர்களே சொன்னார்கள். இப்போது அந்தக் கருத்து மாறி விட்டது. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்தி 1995-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புதிதாக இடுப்பு வலி வந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தார்கள். ஒரு பிரிவினர் பயிற்சி செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் முடிந்த அளவு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தார்கள். மூன்றாவது பிரிவினரே சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்கள் தேறத்தான் அதிக நாள் ஆயிற்று.

ஆறு மாதம் கொட்டிலில் கட்டிப் போட்ட உழவு மாட்டை ஒரே நாளில் நாள் முழுவதும் ஏர் இழுக்கச் சொல்ல முடியாது. மனித உடலும் அப்படியே. வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக் கொள்ளலாம். பிறகு எழுந்து நடமாட வேண்டும்.

கட்டாந்தரையில் படுத்தால்தான் குணமாகும் என்பதும் சரி அல்ல. ஸ்பெயின் நாட்டில் 2003-ம் ஆண்டில் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான படுக்கையை விட நடுத்தரக் கெட்டியான படுக்கையே நாட்பட்ட வலிக்கு நல்ல பலன் தந்தது. நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டிக் கொள்ளலாம். தரையில் படுப்பவர்கள் பாயின் மேல் ஒரு ஜமக்காளமோ போர்வையோ மடித்து விரிக்கலாம்.

நடையும் பயிற்சியும்

செலவில்லாத மருந்து நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடத்தி 2024-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து தேறியவர்களில் ஒரு பிரிவினரை, இயன்முறை மருத்துவரின் ஆலோசனையுடன் படிப்படியாக நடக்கச் செய்தார்கள். நடக்காத பிரிவினரில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாட்கள் ஆயின.

வயலில் நாள் முழுவதும் உழைப்பவருக்குத் தனியாக நடை எதற்கு என்று கேட்கலாம். வயல் வேலை பெரும்பாலும் குனிந்த நிலையில் நடக்கிறது. நிமிர்ந்து, கை வீசி நடப்பது வேறு. முதல் வாரம் தினசரி 10 நிமிடம் நடந்தால் போதும். வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டி, வாரத்தில் 5 நாள் 30 நிமிடம் என்ற அளவுக்கு வரலாம்.

இத்துடன் பாயிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகள் மூன்று:

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெதுவாக மேலே தூக்கவும். ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கவும். பத்து முறை.

2. மல்லாந்தபடியே ஒரு முழங்காலை இரு கைகளாலும் நெஞ்சை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்கவும். அடுத்த காலுக்கும் செய்யவும். ஐந்து முறை.

3. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை மட்டும் சற்று உயர்த்தவும். பத்து எண்ணி இறக்கவும். ஐந்து முறை.

ஆரம்பத்தில் லேசான வலி இருக்கும். அதனால் கெடுதி இல்லை. எந்தப் பயிற்சியால் வலி காலில் கீழ் நோக்கி இறங்குகிறதோ அதை நிறுத்தி விட வேண்டும்.

பலர் வலி குறைந்த நாளில் மூன்று நாள் வேலையை ஒரே மூச்சில் முடித்து விட்டு, அடுத்த மூன்று நாள் படுத்து விடுகிறார்கள். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. இடுப்புக்கு அது ஆகாது. வலி குறைந்த நாளானாலும் கூடிய நாளானாலும் ஒரே அளவு வேலை என்று வைத்து, அந்த அளவை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரியான முறை.

வயலில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் காய்கறி வயல்களில் இரண்டு அடிக்கும் குறைவான பிடி கொண்ட களைக்கொத்தியால் தொழிலாளர்கள் வேலை செய்து வந்தார்கள். நாள் முழுவதும் இரண்டாக மடிந்து நின்றதால் பலருக்கு இடுப்பு பாழாயிற்று. தொழிலாளர்கள் தொடுத்த வழக்கின் பலனாக 1975-ம் ஆண்டில் அந்தக் கருவிக்குத் தடை விதிக்கப்பட்டது. நீண்ட பிடி போட்ட களைக்கொத்தி அதன் இடத்தைப் பிடித்தது. விவசாயம் நின்று விடவில்லை. கருவியை மாற்றினால் இடுப்பைக் காக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிறு விவசாயிகள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை வருமாறு:

பிடி நீளம்: தோட்டக்கால் களைக்கு, நின்றபடி உபயோகிக்கத் தக்க, மார்பளவு உயரமுள்ள பிடியைப் போட்டுக் கொள்ளலாம். உள்ளூர்த் தச்சரே செய்து கொடுப்பார். மண்வெட்டிப் பிடியையும் ஆளின் உயரத்துக்குத் தக்கபடி சற்று நீளமாக்கலாம்.

நடவு முறை: திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும்போது ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்துகளே வருகின்றன. முன் சொன்ன 50 குத்துகளில் இது மூன்றில் ஒரு பங்கு. களையைக் கோனோ வீடரால் நின்று கொண்டே உருட்டி அமுக்கலாம். பாய் நாற்றங்கால் விட்டு இயந்திர நடவு செய்பவர்களுக்குக் குனியும் வேலை இன்னும் குறைகிறது. பக்கத்து நிலத்தார் நாலைந்து பேர் சேர்ந்து இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் செலவு கட்டுப்படியாகும்.

இடைவேளை: குனிந்த வேலையில் அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து, ஐந்து முறை பின்னுக்கு வளைய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். கூலிக்கு ஆள் வைப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தை நஷ்டமாகக் கருதக் கூடாது. காலையில் நடவு, மதியம் நாற்றுக் கட்டு விளம்புதல் என்று ஆட்களை மாற்றி விடுவதும் நல்லது.

காலை வேளை: இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி இருக்கின்றன. எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் சாணம் அள்ளுதல், மூட்டை தூக்குதல் போன்றவற்றைத் தவிர்த்து, தண்ணீர் திருப்புதல், பயிர் பார்த்தல் போன்ற நின்று செய்யும் வேலைகளை வைத்துக் கொள்ளலாம்.

மூட்டை: யூரியா மூட்டை 2018-ம் ஆண்டு முதல் 45 கிலோவாக உள்ளது. கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை 40 கிலோ. இவற்றைத் தனி ஆளாகத் தரையிலிருந்து தூக்காமல் இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். அடுக்கும்போது தரையில் வைக்காமல் இடுப்பளவு திண்டிலோ வண்டியின் விளிம்பிலோ வைத்தால், மறுபடி தூக்குவது சுலபம். சுமையோடு இடுப்பைத் திருகக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

தெளிப்பான்: 16 லிட்டர் தொட்டியை நிரப்பினால் நீர் மட்டுமே 16 கிலோ. வலி உள்ளவர்கள் 10 லிட்டர் மட்டும் ஊற்றலாம். மருந்தையும் அந்த அளவு நீருக்குத் தக்கபடி குறைத்துக் கலக்க வேண்டும். தெளிப்பானைத் திண்டின் மேல் வைத்து நிரப்பி, நின்றபடியே தோளில் மாட்டிக் கொள்ள வேண்டும்.

டிராக்டர்: ஓட்டுபவர்கள் மணிக்கு ஒரு முறை இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். இருக்கையிலிருந்து குதித்து இறங்கக் கூடாது. நெடுநேரம் குலுங்கிய முதுகு அந்தக் குதியைத் தாங்காது.

மாத்திரையும் ஊசியும் பெல்ட்டும்

மருந்துக் கடையில் 'இடுப்பு வலிக்கு இரண்டு மாத்திரை' என்று கேட்டு வாங்கித் தினசரி விழுங்குவது அபாயமான பழக்கம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்குச் சிறுநீரகக் கேடு இன்னும் அதிகம். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விசேஷமாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னால், சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிடலாம். பெயர் தெரியாத பொடியும் ஊசியும் உடனே நிவாரணம் தந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது நாளடைவில் எலும்பையே பலவீனமாக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், மன ஆறுதலுக்கான சிகிச்சை ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவதும், வெந்நீர் ஒற்றடமும் தற்காலிகச் சுகம் தரும். முரட்டுத்தனமாக மிதிப்பதும் முறுக்குவதும் கூடாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடங்களில் பயிற்சிகளை நேரில் கற்றுக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே சொன்னவை சாதாரண இடுப்பு வலிக்குப் பொருந்தும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியத்தைத் தாமதிக்கக் கூடாது.

அ) சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் அல்லது சிறுநீர் அறியாமல் போதல், மர்ம உறுப்பைச் சுற்றியும் ஆசன வாயைச் சுற்றியும் மரத்துப் போதல், கால்கள் வலுவிழத்தல். இது அவசர நிலை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம். தாமதித்தால் ஊனம் நிலைத்து விடும்.

ஆ) மாலையில் காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் குறையாத வலி. முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருந்தாலேயே குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

இ) மாடு, ஆடு வளர்ப்பவருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலும் இரவு வியர்வையும் இடுப்பு வலியும். கன்று வீசும் மாடுகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லோசிஸ் நோயாக இருக்கலாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டதையோ, பச்சைப் பால் குடித்ததையோ டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஈ) மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வரும் வலி. வயதான பெண்களுக்குச் சிறு சறுக்கலிலேயே எலும்பு நொறுங்கலாம்.

உ) முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி.

ஊ) நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு. நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடினால் அது வேறு வகை மூட்டு நோயாக இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

இந்த அறிகுறிகள் இல்லாதவர்கள் அறுவடை முடிந்து வேலை குறைந்திருக்கும் மாதங்களில் நடையையும் பயிற்சியையும் ஆரம்பிப்பது அனுகூலம். நாட்பட்ட வலி ஒரே வாரத்தில் மறையாது. ஆனால் எட்டு, பத்து வாரம் விடாமல் செய்தால் முன்னை விட அதிக நேரம் வேலை செய்ய முடிவது தெரியும். வலி எவ்வளவு குறைந்தது என்று தினசரி கணக்குப் பார்ப்பதை விட, எத்தனை பாத்தி கொத்த முடிந்தது, எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்று பார்த்து வருவதே முன்னேற்றத்தைச் சரியாகக் காட்டும்.